ஈரக் கழனியில் இறங்கிய வண்டி

ஆல்வின் நெல் அறுக்கும் வண்டி ஓட்டுகிறவன். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் அவன் கை பட்ட வண்டி வரப்பை உரசாது என்று பேர். வண்டியின் சொந்தக்காரி கல்பனா அவனைவிடப் பத்து வயது சின்னவள். 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள். அவனோ 'சரிங்க மேடம்' என்பதைத் தாண்டியதில்லை. அவன் அப்பா அவளுடைய தாத்தாவின் கழனியில் கூலி வேலை செய்தவர். எதைச் சொன்னாலும் 'ஆவட்டுங்க' என்பார். முதலாளியிடம் நல்ல பேர் எடுக்க அதுதான் வழி என்று ஆல்வினும் நம்பியிருந்தான்.

பொங்கல் கழிந்த வாரம், காவாந்தண்டலத்தில் சுப்பிரமணியின் கழனியில் அறுப்பு. முந்தின நாள் எதிர்பாராத மழை. ஆல்வின் காலை வைத்துப் பார்த்தான், கணுக்கால்வரை இறங்கியது. அந்த நேரம் கல்பனா போன் செய்தாள்.

"அண்ணா, வண்டி எறங்குமா? நாளைக்கு திருமுக்கூடல்ல அறுப்புக்கு ஒத்துக்கினு கீறேன்."

அவள் குரலில் அவசரம் தெரிந்தது.

"எறங்கும் மேடம். நான் பாத்துக்கறேன்."

கொஞ்ச தூரம் போவதற்குள் வண்டி வயிறுவரை சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இழுக்க வந்த டிராக்டர்கள் விளைந்த பயிரை மிதித்து நாசமாக்கின. ஊரே வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. கல்பனா வந்தாள், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தானும் சேற்றில் இறங்கிக் கயிறு கட்டினாள்.

சுப்பிரமணி கத்தினார். "ஒங்க ஆளுக்குக் கண்ணு தெரியாதா? பயிரு பூரா பூடுச்சே!"

"அவரு மேல தப்பு இல்ல பெரிப்பா. நான்தான் அவசரப்பட்டு எறக்கச் சொன்னேன்," என்றாள் கல்பனா.

ஆல்வினின் தலை தானாகக் கவிழ்ந்தது. வண்டி மேலேறிய பிறகு அவள் அவனைத் தனியாக அழைத்துக் கேட்டாள்.

"ஈரம் கீதுன்னு தெரியலியாண்ணா?"

"தெரியும் மேடம்."

"அப்பறம் இன்னாத்துக்கு எறங்கும்னீங்க?"

"நீங்க கேட்டீங்களேன்னு..."

"கேட்டேன். எறக்குன்னு சொல்லலியே. கழனில நிக்கறது நீங்க. நீங்க சொல்லலன்னா எனுக்கு யாரு சொல்லுவா?"

திட்டியிருந்தால் தேவலை. வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி ஷீபா என்னவென்று கேட்பதற்குள் கை கழுவிவிட்டு எழுந்தான். வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு அதை மரியாதை என்று எண்ணியிருந்தோமே, அந்தப் பொய்க்காக அவள் ஊர் முன்னால் பழி ஏற்றாளே என்று உடம்பே கூனிப் போயிற்று.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சுப்பிரமணி வீட்டு வாசலில் போய் நின்றான்.

"அய்யா, மேடம் எறக்கச் சொல்லல. நான்தான் தெரிஞ்சே எறக்கிட்டேன்."

"இப்ப வந்து சொல்லி இன்னா பிரயோஜனம்?" அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு திருமுக்கூடல் போனான். ஆற்றோரக் கழனி அது. மண் இன்னும் நொளநொளவென்றிருந்தது. கல்பனா பக்கத்தில் நின்றாள்.

"மேடம்... ரெண்டு நாளு காயட்டும். இப்ப வேணாம்."

அவள் முகம் சுருங்கியது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கழனிக்காரருக்குப் போன் போட்டாள். "ரெண்டு நாளு தள்ளிப் போவுதுங்க. எங்க டிரைவர் வேணாங்கறாரு."

அவ்வளவுதான். இத்தனை சுலபமான ஒரு சொல்லுக்காகவா அடுத்தவர் விளைச்சலை அழித்தோம்? அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், வண்டியில் காய்ந்து ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டத் தொடங்கினான் ஆல்வின்.