மடியில் ஒரு போன்: ராயபுரம் முதல் எண்ணூர் வரை

குரோம்பேட்டையில் பத்தொன்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். பாரிமுனையைத் தாண்டி வடக்கே போனது இரண்டே முறை, இரண்டும் கல்யாணம். போன மாதம் இந்த வலைப்பூவில் ஒரு வாசகர், "மெட்ராஸ் மெட்ராஸ்னு எழுதறீங்களே, உங்க மெட்ராஸ் கோட்டையோட முடிஞ்சிடுதா?" என்று கேட்டுவிட்டார். சுருக்கென்று இருந்தது. பொங்கல் முடிந்த கையோடு ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் முகத்துவாரம் வரை, சொந்த வண்டி இல்லாமல், ஒரே பகலில் போய்வருவது என்று திட்டம். இதே வழியில் போக நினைக்கிறவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது வேறு ஏதோவாக ஆகியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து கடற்கரை நிலையம் வரை மின்சார ரயில், பத்து ரூபாய். அங்கே கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் ராயபுரம். ஏழரைக்கு இறங்கினேன். தூண் வைத்த பழைய நிலையக் கட்டடத்தைப் பார்க்கக் கால்மணி நேரம் போதும். அங்கிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான், நடந்தே போனேன். ஏலம் பாதி முடிந்திருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுக்கிறவர்கள் தயவுசெய்து போகாதீர்கள். அங்கே காலையிலிருந்து நின்று வேலை செய்கிறவர்கள் நம் முகத்தைப் பார்க்கிறார்கள்.

திரும்பிக் கல்மண்டபம் வந்து இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன், நாற்பத்தைந்து ரூபாய். எண்ணூருக்குப் பேருந்து உண்டு. எனக்குத்தான் காத்திருக்கப் பொறுமை கிடையாது. நாலு சக்கர ஷேர் ஆட்டோ ஒன்று ஊரே அதிரப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. சத்தம் என்றாலே எனக்குத் தலைவலி. ஆனால் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, ஆசை யாரை விட்டது? "எண்ணூர் அம்பது ரூபா, குந்துக்கா," என்றார் ஓட்டுநர். நாற்பது வயதிருக்கும், பெயர் பாபு. நான் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இத்த ரெண்டு கையிலயும் புடிச்சிக்கோக்கா. பையில போட்றாத. ஆடுனா என் தோள்ல ஒரு தட்டு தட்டு."

"பாட்டைக் குறைச்சா நீங்களே கேக்கலாமே?" என்றேன். அவர் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. முன்பின் தெரியாதவளை உதவியாளராக வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

பின் இருக்கையிலிருந்து ஒரு பெண் முன்னால் சாய்ந்து என் காதுக்குள் கத்தினாள். பெயர் ஷாகிரா, திருவொற்றியூரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாளாம். "தினம் நான்தான் அந்த சீட்ல உக்காருவேன். இன்னைக்கு நீங்க முந்திக்கினீங்க. கெட்டியா புடிச்சிக்கோங்க, அது ஆஸ்பத்திரி போன்." தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் விஷயம் முழுவதும் சொல்லிவிட்டாள். பாபுவின் மனைவி செல்விக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சொந்தத்தில் யாருடையதும் பொருந்தவில்லை. மூளைச்சாவு அடைந்த யாருடைய சிறுநீரகமாவது கிடைக்க வேண்டும், அதற்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் பதிந்து நாலு வருஷம் ஆகிறது. வரிசையில் பெயர் வந்தால் போன் வரும். எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

அதனால் இந்தத் தடத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. முன் இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் போன் அவர்கள் கையில். இறங்கும்போது, அடுத்து ஏறுகிறவரிடம் விவரம் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வண்டி ஓடும்போது பாபு போனைத் தொடுவதில்லை. அடித்தால் ஓரங்கட்டி, பாட்டை நிறுத்தி, இறங்கி நின்று பேசுகிறார்.

அதன்பிறகு சன்னல் பக்கம் நான் சரியாகப் பார்க்கவே இல்லை. வண்டியின் அதிர்வா போனின் அதிர்வா என்று தெரியாமல் இரண்டு முறை வீணாகத் தோளைத் தட்டினேன். இரண்டு முறையும் மனுஷன் முகம் சுளிக்காமல் வண்டியை நிறுத்திப் பார்த்தார். சுங்கச்சாவடிக்கு அப்புறம் போன் நிஜமாகவே ஆடியது. தரைவழி எண். பாபு இறங்கி, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, "சொல்லுங்க மேடம், பாபுதான் பேசறேன்," என்றார். கடன் வேண்டுமா என்று கேட்டார்களாம். "வேணாம்மா, வெச்சிர்றேன்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஏறினார். நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எந்த எண்ணையும் எடுக்காமல் விட முடியாத நிலையில் இருக்கிறவருக்கு அந்த வசதி இல்லை.

திருவொற்றியூர் தேரடியில் ஷாகிரா இறங்கினாள். இறங்குமுன் என் தோளைத் தொட்டு, "உட்றாதீங்க," என்றாள். எர்ணாவூருக்கு முன்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, எங்கள் வண்டியும் நின்றது. பாபு பாட்டைக் குறைத்தார். ஏறும்போது கேட்டதற்குப் பதில் அப்போதுதான் வந்தது.

"பாட்ட நிறுத்திப் பாத்தேன்க்கா. ஒரு மாசம் பாட்டே போடல. அப்பதான் பேஜாரா பூட்ச்சி. லாரி ஆரன் அடிச்சா போன்னு தோணும். பிரேக் கீச்சுன்னா போன். எவன் பாக்கெட்லயாவது அடிச்சா நா பிரேக் போட்டுடுவேன். ஒரு நாளு டிரைலர்ல போய் உட்டுகினு இருப்பேன், பின்னாடி ஏழு பேரு. அன்னிக்கே முடிவு பண்ணேன், காத நம்பக்கூடாதுன்னு. பாட்டு சத்தமா இருந்தா அடிக்கல அடிக்கலன்னு மனசு சும்மா கெடக்குது. அடிச்சா கையில வெச்சிகினு கீறவங்களுக்குத் தெரியும்."

அவராகவே இன்னொன்றும் சொன்னார். "போன வருசம் ஆடி மாசம் ஒரு மிஸ்டு காலு. ஆஸ்பத்திரி நம்பரு மாதிரியே கீது. பாட்டு ஓடிச்சு, கேக்கல. திரும்ப அடிச்சா லைன் போவல. அதுக்கப்புறந்தான் இந்த ஏற்பாடெல்லாம்."

"ஆஸ்பத்திரியில கேட்டுப் பாத்தீங்களா, அவங்கதானான்னு?"

பாபு பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். வரிசை நகர்ந்தது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் பதினாலு கிலோமீட்டர், எங்களுக்கு ஒரு மணி பத்து நிமிஷம் பிடித்தது. திரும்பும்போது இதே வண்டியில் வருகிறேன் என்று சொல்லி மூன்று மணிக்குப் பேசிவைத்துக்கொண்டேன். முகத்துவாரத்தைப் பற்றி நிறைய எழுதலாம். ஒரு பக்கம் புகைபோக்கிகள், பாலம் மாதிரி நீளும் குழாய்கள், சாம்பல் படிந்த கரை. இன்னொரு பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்கள் குனிந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறார்கள், வாயில் கவ்விய சின்னக் கூடையில் போடுகிறார்கள். ஒரு பாறையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்த்தேன். ஆனால் மனம் அங்கே இல்லை. இப்போது அந்த முன் இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களோ என்பதிலேயே இருந்தது.

மூன்று மணிக்குச் சொன்ன சொல் தவறாமல் பாபு வந்தார். முன்னால் இருந்தவர் ஒரு துறைமுகத் தொழிலாளி, போனை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். பின்னால் ஐந்து பேர். கத்திவாக்கம் தாண்டி எர்ணாவூர் மேம்பாலம் கண்ணில் படும்போது உள்ளங்கையில் போன் ஆடியது. மறுபடி தரைவழி எண். தோளைத் தட்டினேன். பாபு ஓரங்கட்டி இறங்கினார், "சொல்லுங்க மேடம்," என்றார், போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "காச்சல் இல்ல மேடம். பதினோரு மணிக்குத் துன்னுச்சு. நேத்து டயாலிசிஸ் ஆச்சு. வந்துர்றோம் மேடம். ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துர்றோம்."

போனை என்னிடம் நீட்டினார். "கூப்ட்டாங்கக்கா," என்றார்.

வீடு கத்திவாக்கத்தில், வந்த வழியே திரும்ப வேண்டும். ஆனால் சாலையில் இரண்டு பக்கமும் டிரைலர்கள் இடைவெளி இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. பின்னாலிருந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர், "இன்னா பாத்துகினு நிக்கிற நைனா, வண்டிய திருப்பு," என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். மற்ற நாலு பேரும் இறங்கினார்கள். ஐந்து பேரும் சாலையின் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். டிரைலர்காரர்கள் ஆரன் அடித்தார்கள், கத்தினார்கள், கடைசியில் நின்றார்கள். பாபு வண்டியைத் திருப்பினார். அவர்கள் யாரும் மறுபடி ஏறவில்லை. "நாங்க வேற வண்டில போய்க்கிறோம், நீ போ," என்று மீசைக்காரர் வண்டியின் பின்பக்கத்தில் தட்டி அனுப்பினார். நானும் இறங்கியிருக்க வேண்டும். போன் என்னிடம் இருந்ததால் இறங்கத் தோன்றவில்லை.

வழியிலேயே பாபு சொன்ன எண்ணுக்கு என் போனிலிருந்து தகவல் சொல்லியிருந்தேன், செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். மெலிந்த உடம்பு, கையில் ஒயர் கூடை, அதில் ஆஸ்பத்திரிக் காகிதங்களும் மாற்றுப்புடவையும். அந்தக் கூடை நாலு வருஷமாகத் தயாராகவே இருக்கிறதாம். அவள் பின்னால் ஏற, நானும் பின்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாபு பாட்டுப் போடவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுக்க வண்டியின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

"நல்லபடியா நடக்கும், கவலைப்படாதீங்க," என்றேன்.

செல்வி வெளியே பார்த்தாள். "யாரு வூட்லயோ இப்ப அழுதுகினு இருப்பாங்கல்லக்கா," என்றாள். "நாலு வருசமா கோயிலுக்குப் போவேன், கைய கூப்பி நிப்பேன். இன்னான்னு வேண்டிக்கறது? போன் வரணும்னு வேண்டிக்கினா, எவங்க வூட்லயோ சாவு வுழணும்னுதான அர்த்தம். வாய் வராது. சும்மா நின்னுட்டு வந்துடுவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. அந்த ஒயர் கூடையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்தாள்.

ஐந்து மணிக்கு முன்பே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். அங்கே போனபிறகுதான் தெரிந்தது, ஒரு சிறுநீரகத்துக்கு மூன்று பேரை வரச்சொல்லியிருக்கிறார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்து, யாருக்கு மிகவும் பொருந்துகிறதோ அவருக்குத்தான். முடிவு தெரியப் பல மணி நேரம் ஆகும். மூன்று குடும்பங்களும் ஒரே தாழ்வாரத்தில், ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தன. போனைப் பாபுவிடம் கொடுத்தேன், என் எண்ணையும் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போனேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். என்னைப் போல ஏழரைக்கு வராமல் இன்னும் முன்னதாகவே ராயபுரம் வந்துவிடுங்கள், ஏலத்தை முழுதாகப் பார்க்கலாம். முகத்துவாரத்தில் நிழல் கிடையாது, பெண்களுக்குக் கழிப்பறையும் கிடையாது, தண்ணீர் கையில் இருக்கட்டும். துறைமுகம், மின் நிலையம் பக்கம் காமிராவைத் தூக்கினால் காவலர்கள் தடுப்பார்கள், வாக்குவாதம் வேண்டாம். ஷேர் ஆட்டோ பிடிக்காதவர்களுக்கு விம்கோ நகர் வரை மெட்ரோ இருக்கிறது, எண்ணூருக்கே மின்சார ரயிலும் இருக்கிறது. சாப்பாடு உட்பட எனக்கு ஆன மொத்தச் செலவு இருநூறு ரூபாய்க்குள். உறுப்பு தானம் பற்றி இங்கே நான் பிரசங்கம் செய்யப்போவதில்லை. என் வீட்டில் அன்று இரவே பேசினோம், அவ்வளவு மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் மதியம் பாபு கூப்பிட்டார். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுவதாகச் சொன்னார். திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குப் பொருந்திவிட்டதாம். இவர்களை விடியும்போது வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம். "அந்தப் பொண்ணோட அம்மா செல்வி கைய புடிச்சிகினு வுடவே இல்லக்கா," என்றார். ஆறுதலாக ஏதோ உளறினேன்.

"கெளம்பறப்ப ஒன்னு நடந்துச்சுக்கா. போன் பண்ற மேடம் எதுருக்கயே நின்னாங்க. ஆடி மாசம் அடிச்சது நீங்கதானான்னு கேட்டுடலாம்னு கிட்ட போய்ட்டேன். செல்வி வந்து சட்டைய புடிச்சி இஸ்துச்சு. வோணாம், கேக்காத, ஆமான்னுட்டாங்கன்னா நீ அப்பால எப்டி வண்டி ஓட்டுவன்னுச்சு."

"கேட்டீங்களா?"

"கேக்கல. அவங்களே என்ன பாத்து, இன்னாப்பா வேணும்னாங்க. ஒன்னுமில்ல மேடம், அடுத்த வாட்டியும் இதே நம்பருக்கே அடிங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."