மூலையக்கா தூங்கிய அறை

சமையல்காரர் பட்டினி கிடக்கிறார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அதேபோல, இருபத்தைந்து வருடமாகப் பெரிய ஹோட்டலில் படுக்கை போடுகிற பெண்ணுக்குத் தூக்கம் வருவதில்லை என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். மூலையக்காவின் முன்னால் சிரித்துப் பாருங்கள், அப்புறம் தெரியும் சேதி.

மூலையக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, ஹோட்டல் வைத்தது. மற்ற பெண்கள் மெத்தை விரிப்பின் மூலையை ஒரு மடிப்பு மடித்து அடியில் தள்ளிவிடுவார்கள். இவள் இரண்டு மடிப்பு மடித்து, விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து, அதன் பிறகுதான் செருகுவாள். நான்கு மூலையும் அட்டைப்பெட்டி மாதிரி விறைப்பாக நிற்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே பெயர் வந்துவிட்டது. இப்போது சம்பளம் போடுகிறவருக்கே அவளுடைய நிஜப் பெயரை யோசித்துத்தான் சொல்ல வரும்.

சேர்ந்த காலத்தில் இரண்டு பிள்ளைகளில் சின்னது இன்னும் பால்குடி மறக்கவில்லை. கணவர் லாரி டிரைவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். காலை ஷிப்டுக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், அதற்கு நாலு மணிக்கு எழுந்தாக வேண்டும். எங்கே தவறிவிடுமோ என்ற பயத்தில் ஒரு மணிக்கு ஒரு தரம், இரண்டரைக்கு ஒரு தரம் எழுந்து கடிகாரத்தைப் பார்ப்பாள். பிள்ளைகள் வளர்ந்தார்கள், படித்தார்கள், கல்யாணம் செய்துகொண்டு ஆளுக்கொரு ஊராகப் போனார்கள். அந்த நாலு மணி மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. விடுமுறை நாளிலும் கண் பொட்டென்று திறந்துகொள்ளும். பக்கத்தில் கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அவருக்கென்ன, லாரி மேல் தார்ப்பாயில்கூடத் தூங்கிப் பழகின மனிதர். அவரைப் பார்க்கப் பார்க்க இவளுக்கு வயிறு எரியும்.

ஹோட்டலில் இவளுக்கு ஜோடி ரேடியோ. அதுவும் ஹோட்டல் வைத்த பெயர்தான். ஒன்பதாவது மாடியை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். கை பாட்டுக்கு வேலை செய்யும், ரேடியோவின் வாய் பாட்டுக்கு ஒலிபரப்பும். அறைக்குள் போனதும் முதல் காரியமாக விரிப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். சூடு இருந்தால் ஆள் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார். அப்புறம் படுக்கை கலைந்திருக்கிற கோலத்தைப் பார்த்து ரேடியோ தீர்ப்புச் சொல்வாள். விரிப்பு முறுக்கிக்கொண்டு கிடந்தால் "கடன்காரன்." ஓரத்தில் மட்டும் கசங்கி நடுவில் அப்படியே இருந்தால் "புருஷன் பொண்டாட்டி பேச்சில்ல." தலையணை தரையில், போர்வை காலடியில், விரிப்பு ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் "குழந்தை." அந்த அறையில் எழுபது வயதுக் கம்பெனி முதலாளி தங்கியிருந்தாலும் தீர்ப்பு அதுதான். மனுஷன் பொய் சொல்வான், படுக்கை சொல்லாது என்பது ரேடியோவின் கட்சி.

வருடம் தவறாமல் வருகிற ஒரு விருந்தாளி கிளம்பும்போதெல்லாம் மூலையக்காவைக் கூப்பிட்டு, "எங்க அம்மா வீட்டில்கூட நான் இப்படித் தூங்கினது இல்லம்மா" என்பார். பாராட்டுத்தான். ஆனால் அதைக் கேட்டு இவளுக்குச் சந்தோஷம் பாதி, பொறாமை பாதி. பொறாமைதான், நாகரிகமாக வேறு வார்த்தை தேட வேண்டாம். ஊழியர்கள் விருந்தாளியின் படுக்கையில் உட்காரக் கூடாது என்பது ஹோட்டல் சட்டம். முட்டி வலி உயிர் போகிற நாளில்கூட அவள் நுனியில் உட்கார்ந்தது இல்லை. தன் கையால் போட்ட அந்தப் படுக்கையில் ஒரே ஒரு ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கி எழ வேண்டும். இதை அவள் யாரிடமும் கேட்டதில்லை, ஆனால் இதற்கு மேல் பெரிய ஆசை எதுவும் அவளுக்கு இருந்ததும் இல்லை.

இருபத்தைந்து வருடம் முடித்தவர்களுக்கு ஹோட்டல் ஒரு ராத்திரி இலவசமாகத் தங்கக் கொடுக்கும். ஜோடியாக வரலாம், காலைச் சாப்பாடும் உண்டு. மூலையக்கா அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

"போற ஆசை இருக்கில்ல? அப்புறம் என்ன?" என்றார் கணவர்.

"அங்க போயும் தூக்கம் வரலேன்னா?"

"வராம எங்க போகும்? ஒரு நாள் நீ எனக்கப்புறம் எந்திரிக்கணும். அதை நான் பாக்கணும்."

இப்படியாக ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். அவள் கால் தானாகவே பின்பக்க வாசலுக்குத் திரும்பியது. கணவர் முழங்கையைப் பிடித்து முன்பக்கம் திருப்பினார். இத்தனை வருடத்தில் அந்த முன்வாசலை அவள் உள்ளே இருந்துதான் பார்த்திருக்கிறாள். கதவு திறக்கிறவர் அவளோடு தினமும் டீ குடிக்கிறவர். இன்று முதுகை வளைத்து, "வாங்க மேடம்" என்றார்.

"சும்மா இருங்க, மானம் போகுது" என்று அவள் பல்லைக் கடித்தாள். அவர் இன்னும் கொஞ்சம் வளைந்தார்.

கொடுத்தது ஒன்பதாவது மாடி அறை. பாசமாம். உள்ளே போனவள் முதலில் செய்த காரியம், சுவரில் மாட்டியிருந்த படத்தின் மேல் சட்டத்தில் விரல் ஓட்டிப் பார்த்தது. லேசாகத் தூசி. கைக்குட்டையால் துடைத்தாள். திரைச்சீலையில் ஒரு கொக்கி கழன்றிருந்தது, மாட்டினாள். குளியலறைக் குழாயில் நீர்த்தடம் தெரிந்தது.

"இந்தா, நீ விருந்தாளியா வந்தியா, டூட்டிக்கு வந்தியா?" என்றார் கணவர். அவர் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து, பரம்பரைப் பணக்காரர் மாதிரி காலை நீட்டியிருந்தார்.

ராத்திரி நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. கணவர் தலையணையில் தலை வைத்தார், குறட்டை தொடங்கியது. மூலையக்கா படுக்கையின் ஓரத்தில் கட்டை மாதிரி படுத்திருந்தாள். எங்கே புரண்டால் விரிப்பு கசங்குமோ என்று புரளவில்லை. லிஃப்ட் நின்றால் எந்த மாடியில் நின்றது என்று காது கணக்குப் போட்டது. யாரோ துண்டு கேட்கிறார்கள், யார் கொண்டுபோவார்கள் என்று மனசு வரிசை பார்த்தது. மெத்தை அவள் நினைத்ததைவிட மெத்தென்றுதான் இருந்தது. தூக்கம்தான் வரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தாள். நாலு மணிக்கு எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

விடிந்தது. கணவர் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் படுக்கையைப் போட்டு முடித்திருந்தாள். அவள் போடவில்லை, கை போட்டது. நான்கு மூலையும் இரண்டிரண்டு மடிப்பு. பிறகு குளியலறைத் தரையைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, டீ குடித்த கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து, துண்டுகளை மடித்து வைத்தாள். தன் பங்குக்குக் கணவரும் ஒரு காரியம் செய்தார். சாப்பிடக் கீழே போகும்போது, கொண்டுவந்த ஒரே பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். சரக்கை விட்டுவிட்டு டிரைவர் நகரக் கூடாது என்பது முப்பது வருட லாரிப் புத்தி.

சாப்பாட்டுக் கூடத்தில் கணவர் முட்டைக்கு ஒரு நடை, ரொட்டிக்கு ஒரு நடை, பழத்துக்கு இரண்டு நடை போனார். மூலையக்கா காபியை மட்டும் குடித்தாள்.

"தூங்கினியா?" என்றார், வாயில் ரொட்டியோடு.

"ம்."

"பொய் சொல்லாத. கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு."

அடுத்த நடைக்கு எழுந்தவர், என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மாடிக்கு வந்து கணவர் கதவில் சாவிக் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்தது. திருப்பி வைத்தார். மறுபடி சிவப்பு. ஊதிப் பார்த்தார், சட்டையில் தேய்த்துப் பார்த்தார், அதற்கெல்லாம் கதவு மசிகிற மாதிரி இல்லை. அப்போது தாழ்வாரத்தின் கோடியிலிருந்து கிரீச் கிரீச் என்று வண்டி வந்தது. விரிப்பும் துண்டும் அடுக்கிய வண்டி. அதற்குப் பின்னால் ரேடியோ.

"அடிப்பாவி! நீ இங்கதான் இருக்கியா? ராத்திரியே கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்னு கீழ பேச்சா இருக்கு!"

"நான் எதுக்குடி போறேன்?"

விஷயம் இதுதான். போன மாதம் புதிதாகச் சேர்ந்த மேற்பார்வைக்காரப் பெண் காலையில் அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். இந்த அறைக் கதவைத் திறந்தால் படுக்கை தொட்ட அடையாளமே இல்லை. குளியலறை காய்ந்து கிடக்கிறது. பெட்டியும் இல்லை, பையும் இல்லை. யாரும் தங்கவில்லை என்று சட்டப்படி ரிசப்ஷனுக்குச் சொல்லிவிட்டாள். அவர்களும் சட்டப்படி கார்டை முடக்கி, அறையை மத்தியானம் வருகிற வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். யார் மேல் குற்றம் சொல்வது?

கணவர் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். "நான் ஒருத்தன் குறட்டை விட்டேனே, அதுக்குச் சாட்சியே இல்லையா?" என்றார்.

ரேடியோ தன் சாவியால் கதவைத் திறந்தாள். உள்ளே போய்ப் படுக்கையைப் பார்த்தாள். குனிந்து ஒரு மூலையைத் தொட்டாள். இரண்டு மடிப்பு, நகம் இழுத்த கோடு. ஒலிபரப்பு நின்றுவிட்டது. ரேடியோ பேசாமல் நின்றதை மூலையக்கா அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"ராத்திரி பூரா முழிச்சிருந்தியா?" என்று கேட்டாள் ரேடியோ.

"எனக்குத் தூங்கத் தெரியலடி" என்றாள் மூலையக்கா. சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தாள், குரல் உடைந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில், இரண்டு பிள்ளை பெற்று, பேரன் பேத்தி பார்த்தபின், இதற்குப் போய் அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரேடியோ போனை எடுத்தாள். "ரிசப்ஷனா? ஒன்பதாம் மாடி ரேடியோ பேசறேன். இந்த அறையில கெஸ்ட் இருக்காங்க... ஆமா, இருக்காங்க, என் கண்ணு முன்னால நிக்கறாங்க... மத்தியானம் வர்றவர் வரட்டும், யார் வேணாம்னா? பன்னெண்டு வரைக்கும் இவங்களோடது." போனை வைத்தாள். விரிப்பின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. நான்கு மூலையும் பிடுங்கிக்கொண்டு வந்தன. மூலையக்கா, "ஐயோ" என்று கையை நீட்டினாள்.

"கையை எடு. படு."

"பட்டப்பகல்ல எவளாவது தூங்குவாளா?"

"நீ இப்ப கெஸ்ட்டு. கெஸ்ட்டு எப்ப வேணா தூங்கும். இந்த ரூமைக் கடைசியா எடுத்துக்கறேன், அதுவரைக்கும் ஒருத்தரும் தட்டமாட்டாங்க."

கணவர் பையை எடுத்தார். யோசித்தார். பையை நாற்காலியில் வைத்துவிட்டு, "நான் கீழ போய் உக்காந்துக்கறேன். என் குறட்டை உனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்கு முன் அவர் எந்தச் சரக்கையும் விட்டுவிட்டு நகர்ந்தது கிடையாது.

தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அட்டையை வெளியே மாட்டி, ரேடியோ கதவைச் சாத்தினாள். மூலையக்கா படுத்தாள். இந்தத் தடவை நடுவில் படுத்தாள், கசங்கக்கூடியதெல்லாம் கசங்கியாகிவிட்டதே. வெளியே வண்டி கிளம்பியது. கிரீச், கிரீச். அந்தச் சக்கரம் அவளுக்கு நன்றாகத் தெரியும், எண்ணெய் போடச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இத்தனை வருடமும் அந்தச் சத்தம் அவள் கைக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தது. இன்று அவளை விட்டுவிட்டுப் போனது. பக்கத்து அறைக் கதவில் தட்டல் கேட்டது. "ஹவுஸ்கீப்பிங்!" என்று ரேடியோவின் குரல். விரிப்பை உதறும் சத்தம் கேட்டது. வேலை நடக்கிறது, அதை அவள் செய்ய வேண்டியதில்லை என்பது மெதுவாகப் புரிந்தது. சக்கரம் அதற்கடுத்த அறைக்குப் போனது. அதற்கும் அடுத்த அறைக்குப் போனதா என்று அவளுக்குத் தெரியாது.

கதவு தட்டும் சத்தத்தில் கண் விழித்தபோது எந்த ஊர், எந்த வேளை என்று ஒன்றும் பிடிபடவில்லை. ஜன்னலில் உச்சிவெயில். கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு. ரேடியோ உள்ளே வந்தாள், பின்னாலேயே கணவரும் வந்தார். கீழே சோபாவில் அவர் விட்ட குறட்டைக்கு வெளிநாட்டுக்காரர் ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தாராம், வாசல்காரர் சொன்னாராம்.

"நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சு, கதவு வரைக்கும் வந்து பாத்துட்டுப் போனேன்" என்றார் அவர். "நீ எந்திரிக்கல."

மூலையக்கா எழுந்து தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டாள். படுக்கையைப் பார்த்தாள். தலையணை ஒன்று தரையில் கிடந்தது. போர்வை காலடியில் சுருண்டிருந்தது. விரிப்பு ஒரு பக்கம் முழுக்க விலகி வந்து மெத்தை தெரிந்தது. பழக்கதோஷம், கை விரிப்பின் நுனிக்குப் போனது. ரேடியோ அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

பிறகு குனிந்து, தினமும் செய்கிற மாதிரியே, விரிப்பின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சூடு இருக்கு" என்றாள். சுற்றிலும் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தீர்ப்பும் சொன்னாள்.

"குழந்தைடி."