மாமா செய்த சப்பரக் கம்பு

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெரு மாதா கோவிலின் சப்பரம் பார்வைக்குச் சின்னது. மாதா சுரூபம் ஏதோ லேசான மரத்தில் செதுக்கியது; ஒரு கைக்குழந்தையின் எடைதான் இருக்கும். கனமெல்லாம் அடியில் கொடுத்திருந்த இரண்டு தேக்குக் கம்புகளில் இருந்தது. முன்னால் இருவர், பின்னால் இருவர் என்று நான்கு ஆண்கள் தோள் கொடுப்பார்கள். முன்னால் ஒரு தோள் ஆண்டுதோறும் என் அப்பாவுடையது. அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுத்தந்ததில்லை.

அப்பா கல்லூரி பஸ் ஓட்டினார். எனக்கு ஒன்பது வயதானபோது அவருடைய வலது தோள்பட்டை கெட்டுப்போயிருந்தது. சட்டை மாட்டும்போது கை மேலே ஏறாது. அம்மாதான் பிடித்து நுழைத்துவிடுவாள். திருவிழா நெருங்க நெருங்க அம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டில் தங்கி இன்ஜினியரிங் படித்தார். அப்பா ஓட்டுகிற பஸ்ஸிலேயே கல்லூரிக்குப் போவார். மாணவர்கள் சேர்ந்து செய்த பந்தயக் காருக்குக் கார்பன் துணியில் உதிரி பாகங்கள் வார்த்துப் பழகியவர். இரும்பை விட உறுதி, பஞ்சு மாதிரி எடை என்று சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். ஒருநாள் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"அத்தான்கிட்ட தூக்காதீகன்னு சொன்னா கேக்க மாட்டாரு. கம்ப மாத்திட்டா என்னக்கா?"

அம்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "அவியளுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். கோவில் பொறுப்பைப் பார்த்துவந்த உபதேசியாரிடமும் அவளே பேசிச் சம்மதம் வாங்கினாள்.

கம்பு உள்ளே வெறுமையாக இருக்க வேண்டும். தோளில் உட்காரும் இடத்தில் மட்டும் வளைந்து, அகலமாகி, பிறகு குறுக வேண்டும் என்பது மாமாவின் திட்டம். நேரான கம்பென்றால் உள்ளே ஓர் இரும்புக் குழாயை வைத்து வார்த்துவிட்டு உருவிவிடலாம். வளைவுக்குள் போன இரும்பு திரும்பி வராது. ஆகவே சிலிக்கோன் ரப்பர். கூழ் மாதிரி இருந்த சிலிக்கோனில் இறுகவைக்கும் மருந்தைக் கலந்து ஊற்றி, கம்பின் வயிற்றுக்குள் அடங்குகிற நீளமான சிவப்பு அடைப்பு ஒன்றைச் செய்தார். அதன்மேல் பசையில் ஊறிய கார்பன் துணியைச் சுற்றி, இரண்டு பாதியாக இருந்த அச்சுக்குள் படுக்கவைத்து, போல்ட் போட்டு முடுக்கினார்.

பசை இறுகச் சூடு காட்ட அடுப்பு வேண்டுமே. ராஜபாளையத்தில் பீரோ செய்யும் பட்டறை ஒன்றில், பெயின்ட் காயவைக்கும் ஆளுயர அடுப்பு இருந்தது. பட்டறைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், மாமாவின் சிநேகிதனுடைய அப்பா. அம்மா, மாமா, நான் மூவரும் அப்பாவுக்குத் தெரியாமல் பஸ் ஏறினோம்.

"சூடு ஏறுனா ரப்பர் ஊதும்க்கா. துணிய அச்சோட ஒட்டி அமுக்கிரும். ஆறுனா சுருங்கிரும். பொறவு இழுத்தா ஒல்லியாகி, வளைவுக்குள்ள நெளிஞ்சு வந்துரும்."

"வராட்டி?"

"வரும்க்கா."

முதல் முறை ரப்பரைக் கொஞ்சம் தடிமனாகச் செய்துவிட்டார் மாமா. ஊதிய ரப்பருக்கு இடம் போதாமல் அடுப்புக்குள் 'டொம்' என்று போல்ட் தெறித்தது. பட்டறைக்காரர் அடுப்பையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த முறை மாமா ரப்பரைச் சீவி ஒல்லியாக்கினார். கம்பு அழகாக வந்தது, ரப்பர்தான் வரவில்லை. சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு மாமா இழுத்தார், மாமாவின் இடுப்பைப் பிடித்து அம்மா இழுத்தாள், அம்மாவின் சேலையைப் பிடித்து நான் இழுத்தேன். கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பட்டறைக்காரர் "லாகு, லாகு, இழு, இழு" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார். அந்தச் சிவப்பு ரப்பர் நீண்டு, மெலிந்து, வழுக்கிக்கொண்டு மொத்தமாக வெளியே வர, நாங்கள் மூவரும் மல்லாக்க விழுந்தோம். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதே ரப்பரில் இரண்டாவது கம்பையும் வார்த்த பிறகு, முழுக் கம்பு ஒன்றை நான் ஒற்றைக் கையால் தூக்கினேன்.

இப்படி ஒன்றைக் கையில் தூக்கிய பிறகு ஒன்பது வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருக்குமா? அப்பாவிடம்தான் சொல்லக் கூடாது. வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் மாமா மாதாவுக்குப் புதுக் கம்பு செய்திருக்கிறார், வந்து பாருங்கள் என்று தெருப்பிள்ளைகளையும் அழைத்தேன்.

திருவிழா அன்று மாலைப் பூசை முடிந்தது. புதுக் கம்புகளுக்குத் தேக்கு நிறம் அடித்து, பூச்சரம் சுற்றியிருந்தார் மாமா. அப்பா டூட்டி முடிந்து நேராக வந்து, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நான் சப்பரத்துக்கு முன்னால் பூத்தூவும் பிள்ளைகளில் ஒருத்தி. உபதேசியார் மணியை ஆட்டினார்.

நால்வரும் வழக்கமான கனத்தை நினைத்து மூச்சைப் பிடித்து எக்கித் தூக்கினார்கள். சப்பரம் அவர்கள் தலைக்கு மேலே துள்ளியது. மாதா சுரூபம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாலை கழன்று விழுந்தது, மெழுகுவர்த்திகள் அணைந்தன. பெண்கள் "ஐயோ மாதாவே" என்று அலற, பேண்டு செட் பாதியில் நின்றது. அந்த அமைதியில் சுவர்மேல் உட்கார்ந்திருந்த ஒருவன் கத்தினான்.

"ஏலே, மாதா பறக்காவ!"

தெருவே சிரித்தது. நான் அழைத்துவந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். என் காதெல்லாம் எரிந்தது.

சுரூபத்தை யாரோ தாங்கிப் பிடித்துவிட்டார்கள். சப்பரம் கீழே இறங்கியது. அப்பா குனிந்து பூச்சரத்தை விலக்கிக் கம்பை விரலால் தட்டினார். உள்ளே ஒன்றுமில்லாத சத்தம்.

"என்னது மாப்ள இது?"

"கார்பன், அத்தான். உங்க தோளுக்காகத்தான் செஞ்சேன். உடையவே உடையாது."

"பழசு எங்க?"

"கோவிலுக்குப் பின்னால கெடக்கு. ஒரு தெரு நடந்து பாருங்க அத்தான், பொறவு..."

"எனக்கு லேசு வேண்டாம்டா. பழச எடுத்துட்டு வா."

அப்பா மாமாவை 'டா' போட்டு நான் கேட்டது அன்றுதான். தேக்குக் கம்புகளைக் கொண்டுவந்து மாற்றும்வரை திருவிழா நடுத்தெருவில் நின்றது. கழற்றிய கம்புகள் இரண்டையும் மாமா ஒரே தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு எதிராக நடந்து போனார். அவை இருந்த லேசுக்கு, எதையோ சுமக்கிறவர் போலக்கூட அவர் தெரியவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றாள்.

அப்பா மறுபடியும் தூக்கினார். கழுத்து நரம்புகள் புடைத்தன. நாலு எட்டு வைப்பதற்குள் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. அவர் அழுதுகொண்டே நடக்க, நான் அவருக்கு முன்னால் நடந்தேன். மாமாவால் வந்த வெட்கம் போதாதென்று இது வேறு. மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் யாரும் தெருவில் அழவில்லை. கூடையிலிருந்த பூவை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிவிட்டு, கடைசித் தெரு வரைக்கும் வெறுங்கூடையோடு தலையைக் குனிந்தே நடந்தேன்.

பிறகு கொஞ்ச நாள் மாமா அப்பாவின் பஸ்ஸில் ஏறவில்லை. டவுன் பஸ் பிடித்துப் போனார். அப்பாவே ஒருநாள் நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தாராம். மாமா ஏறும்வரை எடுக்கவில்லையாம். அந்தக் கம்புகளில் ஒன்று இன்றும் எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போடக் கட்டியிருக்கிறது. கட்டியவர் அப்பா.

எனக்குக் கல்யாணம் பேசிய சமயத்தில்தான் அம்மா சொன்னாள். ஒரு வயதில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்து, மதுரை ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்களாம். பிள்ளை பிழைத்தால் உடம்பில் தெம்பு இருக்கும்வரை உன் பாரத்தைச் சுமக்கிறேன் என்று அப்பா மாதாவிடம் நேர்ந்துகொண்டாராம். நேர்ச்சை தெரிந்திருந்தும் அவர் படும் வலியைப் பார்க்க முடியாமல்தான் தம்பி கேட்டதும் சம்மதித்தேன் என்றாள்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? திருவிழாவுக்கு மறுநாள் காலை அப்பாவின் தோள் வீங்கிக் கன்றியிருந்தது. எண்ணெய் தடவிக்கொண்டு, சட்டை போடாமல், இடது கையில் கரண்டியால் இட்லியைப் பிய்த்துச் சாப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்னைக் கேலி செய்யப்போகிறார்கள் என்ற பயத்தில் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அவரோ என்னைப் பார்த்துச் சிரித்தார். ஊர் முன்னால் இவ்வளவு அவமானப்பட்ட மனிதர் எப்படி அம்மாவிடம் இன்னும் இரண்டு இட்லி கேட்கிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.