எல்லை வரைக்கும் மாமா

என் மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். போன கோடையில் என்னை அங்கே வரவழைத்து, வாடகைக்கு ஒரு கார் எடுத்து, நாடு நாடாகச் சுற்றிக் காட்டினான். எல்லை வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு என்று அவனிடம் கேட்டிருந்தேன். யாராவது விசாரித்தால் சொல்ல வேண்டிய பதிலை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"எல்லையா? அது எப்பவோ போயிடுச்சும்மா" என்றான்.

வழியோரம் ஒரு நீலப் பலகை, அவ்வளவுதானாம். வண்டி யாருடையது, ஓட்டுகிறவர் உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிப்போயிற்று.

நான் முதன்முதலில் ஓர் எல்லையைத் தாண்டியபோது எனக்கு ஆறு வயசு இருக்கும். பொன்னேரிப் பக்கம் எங்கள் ஊர். ஆந்திராவில், சூளூர்ப்பேட்டையில் சின்னம்மா புது வீடு கட்டிக் குடிபோனாள். பஸ்ஸில் போய் இறங்கினால் மதிப்பில்லை என்று அப்பா கார் பேசினார். பழவேற்காட்டில் வியாபாரம் செய்த ஒரு பாயின் அம்பாசிடர்; அவரே ஓட்டி வந்தார். சொந்த உபயோகத்து வண்டி, வாடகைக்கு ஓட்டக்கூடாது. மாட்டினால் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அது போனால் அவர் வியாபாரமும் போச்சு. அதனால் எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். ஓட்டுகிறவரை உறவுக்காரராக்கிக்கொண்டோம்.

எல்லையிலிருந்த ஆரம்பாக்கம் செக்போஸ்ட் நெருங்கும்போது அம்மா என் காதைப் பிடித்துத் திருப்பினாள். "தோ பாரு, பாய்னு வாயத் தொறக்காத. மாமான்னு சொல்லணும். அம்மா கூடப் பொறந்தவரு. இன்னா?"

பாய் தன் தொப்பியைக் கழற்றி டேஷ்போர்டுக்குள் வைத்தார். "எங்க, ஒரு தபா கூப்புடு பாப்பா."

கூப்பிட்டேன். அம்மாவுக்குக் கூடப் பிறந்தது தங்கை ஒருத்திதான். மாமா என்று ஒருவர் கிடைத்துவிட்டார் என்றே நான் நம்பினேன்.

செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் எட்டிப்பார்த்து, "யாரு பாப்பா இவரு?" என்றார். "எங்க மாமா!" என்று நான் கத்திய கத்தலில் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

சின்னம்மா வீட்டில் பந்தி போட்டார்கள். எனக்குப் பக்கத்தில் ஓர் இலையைப் பிடித்துவைத்துக்கொண்டு, "மாமா, உள்ள வா, சாப்புடலாம்" என்று கூப்பிட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். வாசலில் நின்றிருந்தவரை யாரோ கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார்கள். மாட்டுக்கொட்டகையின் ஓரமாக அவருக்குத் தனியாக ஓர் இலை போட்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். "வயிறு சரியில்லம்மா" என்று சொல்லிவிட்டு வெயிலில் நின்ற வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

திரும்பும்போது செக்போஸ்ட்டில் அதே போலீஸ்காரர். என்னை அடையாளம் கண்டுகொண்டு, வேடிக்கையாகத்தான் கேட்டார். "இன்னா பாப்பா, மாமா நல்லா ஒரு புடி புடிச்சாரா?"

"மாமா சாப்புடவே இல்ல. மாட்டுக்கொட்டாயில எல போட்டாங்க" என்றேன்.

போலீஸ்காரரின் சிரிப்பு நின்றது. குனிந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வண்டி பறிபோய்விட்டது என்றே அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

"உள்ள எடமில்ல சார், அவ்ளோ கூட்டம்" என்றார் பாய். "எனக்கும் இன்னிக்கு சஷ்டி வெரதம். அது தெரியாம எல போட்டுட்டாங்க. பாப்பாவுக்குத்தான் கோவம்."

போலீஸ்காரர் போகச் சொல்லிக் கையை அசைத்தார்.

கும்மிடிப்பூண்டி தாண்டியதும் பாய் தொப்பியை எடுத்து, முழங்காலில் தட்டி, தலையில் வைத்துக்கொண்டார். புதுவாயலில் அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். டீக்கடையிலிருந்து இரண்டு கிளாஸை அவரே கையில் ஏந்தி வந்தார். "பாய், ஒரு டீ சாப்புடுங்க."

பாய் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னார். "இன்னிக்கு நமக்கு வெரதமாச்சே, மச்சான்."

அவர் அப்பாவை மச்சான் என்று கூப்பிட்டது எனக்கு ஒரே சந்தோஷம். கைதட்டிச் சிரித்தேன். இரண்டு டீயையும் குடிக்காமல், கீழேயும் வைக்காமல் அப்பா ஏன் அப்படியே ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.