போய்ச் சேராத ‘நில்’

சொன்ன வேலையைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்து, அந்தக் கெட்டிக்காரத்தனத்தாலேயே ஒருவன் கையை நசுக்கிவிட்டவளை என்னவென்று சொல்வது? கொடியவள் என்றால் அதிகம். அப்பாவி என்றால் பொய். வேலியின் வாழ்க்கை கேட்ட கேள்வி இதுதான். தெரிந்தவர்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள்.

வேலி என்பது பட்டப்பெயர். இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் இயந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு மாடியில் மேசை. பிரஸ்ஸுக்குள் இருக்கும் சின்னக் கணினிக்கு டிரைவர், அதாவது இயந்திரத்தை இயக்கும் நிரல், எழுதுவாள். அதன் நினைவகத்தில் எந்த நிரல் எந்த முகவரியைத் தொடலாம், எப்படித் தொடலாம் என்று எல்லை வகுப்பதில் அவளுக்குப் பிடிவாதம் அதிகம். அதனால் வந்த பெயர். மாமியாருக்கு இந்த உத்தியோகம் கடைசிவரை பிடிபடவில்லை. “டிரைவர்னா ஓட்டணும். எங்க வீட்டுல ஒருத்தி உக்காந்து எழுதிக்கிட்டிருக்கா” என்பார்.

அந்த முகவரிகளில் இரண்டு வகை உண்டு. சில வெறும் கிடங்குகள். எண்களைப் போட்டு வைக்கலாம், எடுக்கலாம். சில, இயந்திரத்தின் கதவுகள். அங்கே ஒரு எண்ணை எழுதினால் பிரஸ் இறங்கும், ஏறும், நிற்கும். கிடங்குக்குப் போவதைக் கணினி கேஷ் என்ற தன் கையிருப்பில் வைத்துக்கொண்டு சாவகாசமாக அனுப்பினால் வேகம் கூடும். கதவுக்குப் போவதை ஒரு நொடிகூட வைத்திருக்கக் கூடாது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கற்கும் பாடம் இது. வேலிக்கும் தெரியும்.

தங்கள் பட்டறைக்கென்றே செய்த புதுப் பிரஸ்ஸில் அந்தக் கணினி எட்டு எல்லைகளுக்கு மேல் இடம் தரவில்லை. எட்டும் தீர்ந்துவிட்டன, ஒன்பதாவது தேவைப்பட்டது. மேலாளரோ வேகம் போதவில்லை என்று தினமும் வந்து மேசையைத் தட்டினார். அளவுகள் சேரும் கிடங்கும் இயந்திரத்தின் கதவுகளும் பக்கத்துப் பக்கத்து முகவரிகள். வேலி இரண்டையும் ஒரே எல்லைக்குள் வளைத்து, மொத்தத்துக்கும் கேஷை அனுமதித்தாள். பிரஸ் பறந்தது. சோதனையில் ‘நில்’ என்ற கட்டளை ஒவ்வொரு முறையும் போய்ச் சேர்ந்தது. காரணம் வேறு. சோதனையின்போது நிரல் தன் ஒவ்வொரு அசைவையும் பதிவுசெய்துகொண்டே ஓடும். அந்த நெரிசல், கையிருப்பில் இருந்ததை உடனுக்குடன் வெளியே தள்ளியது. பட்டறைக்கு இறக்கும்போது பதிவை அணைத்துவிடுவார்கள். அணைத்த பிறகு அவள் சோதிக்கவில்லை.

கணினியை நம்பாமல் கம்பி வழியாக நேரடியாக நிறுத்தும் ஏற்பாட்டை இன்னும் பொருத்தவில்லையே என்று, பாகங்களைப் பொருத்தும் பிட்டர் கேட்டார்.

“அதான் சாப்ட்வேர் இருக்குல்ல? முதல்ல ஓட்டுங்கய்யா” என்றார் மேலாளர்.

மதியச் சாப்பாட்டின்போது கீழேயிருந்து அலறல் வந்தது. வேலி ஓடினாள். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஆபரேட்டர், சிக்கிய தகட்டை இழுக்கக் கையை உள்ளே விட்டிருக்கிறான். பிரஸ் மணிக்கட்டுவரை நசுக்கியிருந்தது. அது மேலேறி, மிச்சமிருந்ததன் மீது இன்னொரு முறை இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் கூரையில் மோதித் திரும்பியது. நாலு பேர் அவனைப் பிடித்து இழுத்தார்கள். கை முழுதாக வரவில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு வண்டி கிளம்பியதும் கூட்டம் பிட்டரைப் பிடித்துக்கொண்டது. கை குறுக்கே போனால் காட்டிக்கொடுக்கும் ஒளித்திரையை அன்று காலைதான் அவர் துடைத்து மாட்டியிருந்தார்.

“இவன்தான்டா கழட்டினான்! நான் பார்த்தேன்!”

நெட்டையின் அண்ணன் அதே பட்டறையில் வெல்டர். கையில் பெரிய ஸ்பேனர். முதல் அடியில் பிட்டரின் வாய் கிழிந்தது. இரண்டாவதில் பல் தெறித்தது.

“தொடச்சேன்ப்பா... தொடச்சு மாட்டிட்டேன்...”

“என் தம்பி கை எங்கடா? எடுத்துக் குடுடா!”

வேலி பிரஸ்ஸைப் பார்த்தாள். ஒளித்திரையின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரை கையைப் பார்த்திருக்கிறது, சொல்லியும் இருக்கிறது. அப்படியானால் ‘நில்’ எங்கே போயிற்று? கேள்வி முடியும் முன்பே பதில் தெரிந்துவிட்டது. அவளுடைய எல்லைக்குள், கேஷில், கணினியின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“அவரை விடுங்க! தப்பு என்னோடது!” என்று கத்தினாள். யார் காதிலும் விழவில்லை. பிட்டர் தரையில் சுருண்டிருந்தார். இப்போது உதைகள் விலாவில் விழுந்தன. அவள் ஒரு மரச்சட்டத்தை எடுத்துப் பிரஸ்ஸுக்கடியில் நீட்டி வைத்துப் பொத்தானை அழுத்தினாள். சட்டம் வெடித்துச் சிதறியது. ஒரு சிராய் அவள் கன்னத்தைக் கீறியது. பட்டறை அடங்கியது.

“விளக்கு எரியுது, பாருங்க. அவர் மாட்டினது சரியாத்தான் இருக்கு. நிக்கச் சொல்றது மெஷினுக்குப் போய்ச் சேரல. போகவிடாம வச்சிருக்கறது நான் எழுதினது.”

இதைத் துணிச்சல் என்று பிறகு சிலர் புகழ்ந்தார்கள். அவ்வளவு தேவையில்லை. கண்ணெதிரே ஒருவன் அடிபட்டுச் சாகக் கிடக்கும்போது உண்மையைச் சொல்வது, மனிதர்களிடம் எதிர்பார்க்கக்கூடிய குறைந்தபட்சம்.

வெல்டர் ஸ்பேனரைப் போட்டுவிட்டு வந்தான். முதல் குத்தில் அவள் மூக்கு உடைந்தது. கூந்தலைச் சுற்றிப் பிடித்து இழுத்துப்போய், அவள் வலக்கையைப் பிரஸ்ஸின் மேடையில், தம்பியின் ரத்தத்தின் மேலேயே அழுத்தினான்.

“போடுங்கடா சுவிட்ச! எழுதின கைதானே இது?”

யாரும் போடவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. அவனே பொத்தானை நோக்கிக் கையை நீட்டினான். அதற்குள் பட்டறை இருண்டது. பிட்டர் சுவரைப் பிடித்து ஊர்ந்துபோய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டு, அதன் கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

“போதும்ப்பா. இன்னொரு கை எதுக்கு?” என்றார், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

வெல்டர் அவள் கூந்தலை விட்டான். பிறகு பிரஸ்ஸில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

நிர்வாகம் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவள் எழுதியதைப் படிக்க வேறு ஆளில்லை என்பதே காரணம். உடைந்த மூக்கோடு உட்கார்ந்து, வேறொரு வசதியை வெட்டி எறிந்து இடம் உண்டாக்கினாள். கதவுகளுக்குத் தனி எல்லை, அங்கே கேஷ் கிடையாது. பதிவை அணைத்துவிட்டே சோதித்தாள். மரச்சட்டத்தை நீட்டிய ஒவ்வொரு முறையும் பிரஸ் நின்றது. கம்பிவழி நிறுத்தமும் வந்தது.

“கொஞ்சம் ஸ்லோவா இருக்கேம்மா” என்றார் மேலாளர்.

“இருக்கட்டும் சார்.”

பிரஸ் தயார், அதில் நிற்கத்தான் ஆளில்லை. மேலாளர் ஒவ்வொரு ஆபரேட்டராகக் கூப்பிட்டுப் பார்த்தார். “நீங்க நில்லுங்களேன் சார், நாங்க மேல வந்து ஏசியில உக்காந்துக்கறோம்” என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை வேலி மேசையைக் காலிசெய்து, ஆபரேட்டர் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். சில நாள் கூத்து என்று நினைத்தார்கள். அவள் மாடி ஏறவேயில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்தப் பிரஸ்ஸிலேயே நின்றாள். குற்ற உணர்வு என்றார்கள் சிலர், திமிர் என்றார்கள் சிலர்.

கீழே இறங்கிய புதிதில், கணவர் ஒரு காலையில் நேராகவே கேட்டார்: “படிச்ச படிப்பெல்லாம் விட்டுட்டு ஏன்டி அங்க போய் நிக்கற?”

அவள் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“கதவச் சாத்திக்கோங்க. ஷிப்டுக்கு நேரமாச்சு” என்று கிளம்பினாள்.