கிழக்கு மூலை நல்லது

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி, சனிக்கிழமை, முற்பகல் பத்து மணி முப்பத்திரண்டு நிமிடத்துக்கு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் படியை விட்டு இறங்கினேன். பத்தரை வரை இராகு காலம். மேலும் இரண்டு நிமிடங்களை, கடிகாரத்தில் நம்பிக்கையில்லாத அம்மா சேர்த்திருந்தார்.

எங்கள் தமிழ் வகுப்பின் கையெழுத்துச் சஞ்சிகைக்கு நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். கொழும்புக்கு வடக்கே கடலோரம் இடிந்து கிடக்கும் ஒல்லாந்தர் கோட்டையில் பேய் உண்டென்பது வெறும் கதை, "அங்கே ஒன்றுமே இல்லை" என்பது அதன் முடிவு. சஞ்சிகையின் ஆசிரியர் எனக்கு ஒரு வருடம் மூத்த மாணவர். எல்லோருக்கும் கேட்கும்படியாக, "தங்கச்சி அங்க போய்ப் பாத்தனீங்களோ, இல்லாட்டி லைப்ரரிக்குள்ள இருந்து எழுதினதோ?" என்றார்.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன்.

"போகேல்ல. சனிக்கிழமை போய் ஒரு மணித்தியாலம் உள்ள இருந்திட்டு வாறன். ஏலாட்டி இந்தக் கட்டுரை வேண்டாம். அதுவரைக்கும் இது என்னட்ட இருக்கட்டும்."

அந்த வகுப்பில் அதுவரை நான் பேசியவற்றுள் நீளமானது அதுதான்.

கொட்டாஞ்சேனையில் என் சிநேகிதி சேர்ந்துகொண்டாள். அவள் குடையை மறந்திருந்தாள், செபமாலையை மறக்கவில்லை. கோட்டை வாசலில் குரும்பை விற்ற சிங்களப் பெண், "எப்பா நங்கி, எப்பா!" என்று, வேண்டாம் தங்கச்சி என இரு கைகளையும் ஆட்டித் தடுத்தாள். உள்ளறைச் சுவரில் இரத்தத்தால் எழுதிய எழுத்து உண்டென்றும், அதன் கீழே நிற்பவரின் பிடரியைக் குளிர்ந்த விரலொன்று தொடுமென்றும் அந்தப் பக்கமெல்லாம் பேச்சு.

எழுத்து இருந்தது. ஆணியால் கீறிச் செங்கற்பொடி தேய்த்த தமிழ் எழுத்து. பாதியைப் பாசி மூடியிருந்தது. இரண்டு மணி பத்துக்கு அதன் முன்னே நின்று கொப்பியில் பிரதிசெய்யத் தொடங்கினேன். கால் மணி நேரத்தில் மழை பிடித்தது. சற்று நேரத்தில் என் பிடரியில் குளிர்ந்து ஏதோ தொட்டது.

"என்னடி, முகம் வெளுத்துப் போச்சு? வா, ஓடுவம்!"

"இன்னும் நாற்பது நிமிசம் இருக்கு."

"நீ சாகிறதெண்டாலும் மணி பாத்துத்தான் சாவாய்!"

கைக்குட்டையால் பாசியைத் துடைத்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன.

"இங்கே படுக்காதே. மழைக்கு ஒழுகும். கிழக்கு மூலை நல்லது."

அண்ணாந்து பார்த்தேன். கூரை வளைவின் வெடிப்பிலிருந்து அடுத்த துளி என் நெற்றியில் விழுந்தது.

கடலுக்கு முதுகைக் காட்டி நேரே நடந்தோம். அந்த மூலையில் தரை புழுதியாகவே கிடந்தது. வெளியே மழை இரைந்தது. எங்கள்மேல் ஒரு துளியும் படவில்லை. சிநேகிதி செபமாலையைப் பைக்குள் வைத்தாள்.

"உன்ர பேய் நல்ல மனுசனடி."

எங்கிருந்து என்ன வேலைக்கு வந்து அங்கே படுத்தவரோ, அறியேன். தனக்குப் பின் வருபவர் நனையக் கூடாதென்று எண்ணினார். வருபவர் தமிழ் வாசிப்பார் என்றும் நம்பினார். அந்த நம்பிக்கையைப் பொய்யாக்காதவள் நான் என்ற பெருமிதத்தை எந்தப் பரீட்சைப் பெறுபேறும் எனக்குத் தந்ததில்லை. மூன்று மணி பத்தாயிற்று. மழை விடவில்லை, அவருடைய மூலையில் இன்னும் இருபது நிமிடம் இருந்தோம்.

மறுநாள் காலை கட்டுரையை எடுத்து, "அங்கே ஒன்றுமே இல்லை" என்ற வரியை அடித்துவிட்டு, அதன் மேல் அவருடைய மூன்று வாக்கியங்களையும் எழுதினேன்.