முகம் தெரிந்த சுவர்

பொன்மலையில் ரயில் பட்டறை வந்த பிறகு திருச்சிராப்பள்ளி நாளுக்கு நாள் வீங்கியது. நேற்று சோளம் நின்ற கொல்லையில் இன்று கல் நட்டு மனை பிரித்திருப்பார்கள். எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் அப்படிப் பிரித்த ஒரு தெருவில் முதல் வீட்டைக் கட்டியவர்கள் நாங்கள். என் புருஷன் கொத்தனார். நான் அவருக்குச் சித்தாள். ஊர் வளர்ந்தது, வளர்ந்தது என்று இன்றைக்கு எல்லாரும் சொல்கிறார்கள். தானாக வளர அது என்ன கீரையா? நாங்கள் தலையில் சுமந்தோம், அது வளர்ந்தது.

வீட்டின் சொந்தக்காரர் ஸ்ரீரங்கத்துப் பெரியவர், கலெக்டர் கச்சேரியில் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். தெருவில் மிச்சமிருந்த ஒன்பது மனையும் அவருடைய உறவுக்காரர்கள் வாங்கிப் போட்டவை.

"இது நன்னா அமையட்டும். மத்த ஒன்பதும் உனக்குத்தான்" என்று என் புருஷனிடம் சொல்லியிருந்தார்.

ஒன்பது வீடென்றால் ஐந்தாறு வருஷம் வேலைக்கு அலைய வேண்டாம். என் புருஷன் சாயங்காலந்தோறும் அந்த ஒன்பது மனையையும் காலால் அளந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

சுவருக்கு மேல்பூச்சு என்பது அந்தக் காலத்தில் லேசான வேலை இல்லை. சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு, முட்டையின் வெள்ளைக்கருவைக் கலக்க வேண்டும். பூசிய பிறகு கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். தேய்ப்பது பொம்பிளை வேலை. என்னைப் போலத் தேய்க்க அன்றைக்கு இந்த ஊரில் ஆள் கிடையாது. மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடைக்காரர் வீடுகளில் எல்லாம் அப்படித்தான் செய்தோம். இங்கேயும் அப்படியே செய்தோம். மண்ணச்சநல்லூரிலிருந்து கூடை கூடையாக முட்டை வந்தது. இந்த வீட்டார் முட்டை தொடாதவர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் சுவருக்கும் அந்த விலக்கு உண்டு என்று எங்கள் புத்தியில் ஏறவில்லை. சாந்து சாந்துதானே என்று இருந்துவிட்டோம்.

கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெரியவரின் சம்சாரம் வந்து பார்த்தாள். பூஜை அறையில் நின்று சுவரில் தன் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டாள்.

"ஏண்டி, முகம் தெரியறதே! இதுல என்னடி போட்டே?"

எனக்குத் தலை கால் புரியவில்லை. "முட்டை வெள்ளைக்கருங்க அம்மா. இந்த ஒரு சுவத்துக்கே நாப்பது முட்டை. அதுக்கு மேல என் கைதாங்க."

அந்த அம்மாள் சுவரிலிருந்து கையை எடுத்த வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "பெருமாளே!" என்று ஓடி, கட்டின புடவையோடு கிணற்றடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

பெரியவர் சத்தம் போடவில்லை. "பூசினவனே சுரண்டட்டும். இவளும் கூட நிக்கட்டும்" என்றார்.

நான்கு நாள் சுரண்டினோம். என் கை தேய்த்த சுவர் சுலபத்தில் விடுமா? உளி முனை மழுங்கியது. உறவுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"கொத்தனாரே, பாத்துத் தட்டு! உள்ளேருந்து கோழிக்குஞ்சு ஏதாவது வந்துடப் போறது!" என்றார் பெரியவரின் மச்சினர். எல்லாரும் சிரித்தார்கள். என் புருஷனும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பூஜை அறையும் சமையல்கட்டும் சுரண்டியாகிவிட்டது. கூடத்துக்கு வந்தபோது பெரியவர் சுவரில் தன் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இது இருக்கட்டும், இங்கே யாரும் இலை போடப் போறதில்லை" என்றார். எங்களை அன்றோடு அனுப்பிவிட்டார். கூடத்தில் முட்டையை வைத்துக்கொண்டு முட்டைக்காக அனுப்பினோம் என்று வெளியில் சொல்ல முடியுமா? என் புருஷன் குடிகாரன் என்று சொல்லிவிட்டார்கள். அவர் அதுவரை கள்ளைத் தொட்டதில்லை. அதற்குப் பிறகு தொட்டார்.

வேலை போன அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "அந்தம்மா கேட்டா, வெல்லம்னு சொல்லிட்டுப் போறதுக்கு என்ன? கைப் பெருமை பேசினியாமே. எந்தக் கை? காட்டு பாப்போம்."

காட்டினேன். மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. என் கூழாங்கல்லாலேயே அடித்தார். வலது கையில் இரண்டு விரல் அன்றோடு மடங்காமல் போயின. இப்போது எழுத்து கோணலாக வருகிறதென்றால் அதனால்தான். அரைகுறைப் படிப்பு ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் கூடத்துச் சுவரில் முகம் பார்த்து அசந்து போனார்களாம். எங்களுக்கும் இதே மாதிரிதான் வேண்டும், முட்டை மட்டும் ஆகாது என்று ஒன்பது பேரும் கேட்டார்களாம். வேலை வரகனேரிக் கொத்தனார் ஒருவருக்குப் போயிற்று. அவருக்கு அந்தப் பூச்சின் பக்குவம் தெரியாது. என்னைத் தேடி வந்தார்.

"உன் புருஷனுக்கும் வேலை தரேன். ஆனா பூசுற கரணையைக் கையில குடுக்க மாட்டேன். சாந்துச் சட்டி தூக்கட்டும்."

"தூக்குவாருங்க" என்றேன் நான். என் புருஷனைக் கேட்கவில்லை.

ஒன்பது வீட்டுக்கும் நான்தான் இடது கையால் தேய்த்தேன். பூஜை அறை, சமையல்கட்டு, கூடம், எதையும் விடவில்லை. யாரும் பார்க்காமல் முட்டையை உடைத்து, ஓடுகளை அங்கேயே குழியில் புதைத்தோம். எனக்குக் குற்றமாகத் தோன்றவில்லை. அன்றைக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரித்தவர்களின் வீடுகள்தானே அவை.

மூன்றாவது வீடு மச்சினருடையது. அவர் சம்சாரம் வந்து சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எப்படிடி இப்படி மின்னறது? என்ன போட்டே?"

என் புருஷன் சாந்துச் சட்டியோடு வாசற்படியில் நின்றிருந்தார். அவர் காதிலும் நன்றாக விழட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"வெல்லமும் கடுக்காயும்தாங்க அம்மா. கைவேலை ஒண்ணும் இல்லீங்க."